புயல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி காற்று மழையைப் பற்றித்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, புயலுக்கு வீட்டையும் கொல்லையையும் தயார் செய்வது பற்றி வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நான் இருப்பது வேதாரணியத்துக்கு மேற்கே, மணல் பாங்கான ஊர். தென்னை, கொஞ்சம் மா, முல்லைக் கொல்லை, மாடுகள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கரை கடந்தது எங்கள் பக்கம்தான். அதற்குப் பிறகு இங்கே யாரும் வானிலை அறிக்கையைப் பாதியில் நிறுத்துவதில்லை.

கேள்வி: எங்களுடையது ஓட்டு வீடு. பின்பக்கம் சமையற்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இறக்கியிருக்கிறோம். புயலுக்கு முன் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது அம்மா?
வாசகி, திருத்துறைப்பூண்டி

ஒரு நாள் என்று ஏன் நினைக்கிறீர்கள்? இந்திய வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரத்துக்கு முன்பே முதல் தகவலைக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் 48 மணி நேரத்துக்கு முன் ஒன்று, 24 மணி நேரத்துக்கு முன் ஒன்று. நாம்தான் கடைசி எச்சரிக்கை வரும்வரை ‘எங்கே போகுதோ, ஆந்திராவுக்குப் போயிடும்’ என்று உட்கார்ந்திருக்கிறோம். முதல் தகவல் வந்த அன்றே கூரை வேலையைத் தொடங்குங்கள். புயல் வேறு பக்கம் திரும்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை, கட்டிய கட்டு அடுத்த புயலுக்கு உதவும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அறுபது கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரைதானே என்ற நம்பிக்கை நூற்றிருபதில் உதவாது. காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பதில்லை. தாழ்வாரத்தில் புகுந்து விளிம்பைத் தூக்குகிறது. முதல் வரிசை ஓடு போனதும் அடுத்த வரிசைக்குப் பிடிமானம் இல்லை, மளமளவென்று முகடு வரை உரிந்துவிடும். ஆகவே முழுக் கூரையையும் நினைத்து மலைக்காதீர்கள். தாழ்வார விளிம்பு, முகடு, இரண்டு பக்க ஓரம், இவைதான் முக்கியம்.

சீமை ஓடாக இருந்தால் தாழ்வாரத்தின் கடைசி வரிசைக்கு மேல் நீளவாக்கில் ஒரு சவுக்குக் கழியைப் படுக்க வையுங்கள். அந்தக் கழியையும் அடியில் இருக்கும் கைமரத்தையும் சேர்த்து, மூன்றடிக்கு ஒரு கட்டு வீதம், கட்டுக்கம்பியால் குறட்டை வைத்து முறுக்கிக் கட்டுங்கள். முகட்டு ஓடு ஆடினால் சிமெண்ட் பூசிவிட வேண்டும், பூச்சு இறுக ஒரு நாளாவது வேண்டும் என்பதால் இதுதான் முதல் வேலை. நாட்டு ஓட்டுக்கும் கீற்றுக் கூரைக்கும் எங்கள் பக்கம் மீனவர்களின் பழைய வலையை வாங்கி வந்து முழுக் கூரையையும் மூடி, நான்கு பக்கமும் தரையில் முளை அடித்து இழுத்துக் கட்டுவது வழக்கம். வலை காற்றை உள்ளே விட்டுக்கொள்ளும், ஓடுகளை மட்டும் போகவிடாது. தார்ப்பாயை விரித்துக் கட்டாதீர்கள். காற்று அடியில் புகுந்தால் கூரையோடு சேர்த்துத் தூக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: அதன் மேல் நேராகக் காலை வைத்து ஏறாதீர்கள். பலகை போட்டு, அடியில் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்துத்தான் ஏற வேண்டும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி ஆணி (ஜே போல்ட்) துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள், வாஷர் இல்லாத இடத்தில் போடுங்கள். பாதி மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்குகளை இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்து, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று தொங்கும்படி போடலாம். உங்களுடையது ஒரு பக்கச் சாய்ப்பு என்றால் மேல் விளிம்பை ஒட்டிய சுவரில் கொக்கி அடித்து அதில் கட்டித் தொங்கவிடுங்கள். வெறும் கல்லையும் கட்டையையும் கூரை மேல் தூக்கி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது உருண்டு விழுவது யார் தலையில் என்று சொல்ல முடியாது.

ஒரு பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியே போய்விடும், கூரை பிழைக்கும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து முட்டித் தள்ளும். எல்லாவற்றையும் சாத்தி, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளோடு குறுக்குக் கட்டையும் போடுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றிப் பதினைந்து தென்னை. இரண்டு மரம் வீட்டுப் பக்கமே சாய்ந்திருக்கிறது. கஜாவில் தோப்பே போன ஊர் எங்களுடையது, இவை மட்டும் எப்படியோ தப்பின. வெட்டிவிடு என்கிறார் மகன். மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?
வாசகர், பேராவூரணி

ஐயா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் பரம்பரையாக வளர்த்த மரங்கள் ஒரே இரவில் படுத்ததைப் பார்த்தவர்களுக்கு, நிற்கிற மரத்தில் அரிவாள் வைப்பது லேசான காரியமில்லை. பதின்மூன்று மரத்துக்கு வழி சொல்கிறேன். அந்த இரண்டைப் பற்றிக் கடைசியில்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிமரத்திலிருந்து சல்லி வேராகப் பரந்துதான் மண்ணைப் பிடிக்கிறது. மேலே கனம், கீழே நனைந்து இளகிய மண், நடுவில் காற்று. காற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டையும் கொஞ்சம் மாற்றலாம்.

முதலில் மேலே. முற்றிய தேங்காய் ஒன்று மட்டையோடு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு மரத்தில் ஐம்பது காய் நின்றால் உச்சியில் அறுபது கிலோ மூட்டையை வைத்து ஆட்டுவதுபோல. 72 மணி நேரத் தகவல் வந்த அன்றே மரம் ஏறுகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளினால் ஆள் கிடைக்கமாட்டார், ஊரே அவரைத்தான் தேடும். முற்றிய காயோடு இளநீர்ப் பதத்தில் இருப்பதையும் இறக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு விலை கிடைக்காது என்று யோசிக்காதீர்கள், மரம் நின்றால் அடுத்த குலை வரும். காய்ந்த மட்டை, காய்ந்த பாளை, பன்னாடை எல்லாம் கீழே வரட்டும். பச்சை மட்டையில், தொங்கி நிற்கும் அடிவரிசையை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள்.

இங்கே கவனம் வேண்டும். பயத்தில் சிலர் குருத்தை ஒட்டி நாலு மட்டை மட்டும் விட்டு மொட்டையடித்துவிடுகிறார்கள். தென்னையின் உயிர் அந்த நடுக்குருத்தில்தான். சுற்றியிருக்கும் மட்டைகள்தான் அதற்கு அணை. எல்லாவற்றையும் கழித்தால் குருத்து தனியாக நின்று ஒடியும், மழைநீர் இறங்கி அழுகும். குருத்து போன தென்னை பக்கத்தில் வெடித்து வளராது, மரம் நின்றபடியே சாகும். மேலே விரிந்தும் நிமிர்ந்தும் நிற்கும் மட்டைகளைத் தொடவே கூடாது.

அடுத்து கீழே. தகவல் வந்ததும் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். வட்டப்பாத்தியில் மழைநீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள். அடிமரத்தைச் சுற்றி வேர் வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள், ஈர மண்ணாகக் குவிக்காமல் காய்ந்த மண்ணாக மிதித்து இறுக்குங்கள். நாலைந்து வயதுக் கன்றாக இருந்தால் மூன்று பக்கம் முளை அடித்து, தண்டில் சாக்கைச் சுற்றி, அதன் மேல் தேங்காய்நார்க் கயிறு போட்டுக் கட்டலாம். வளர்ந்த மரத்தைக் கயிறு கட்டி நிறுத்த முடியாது. அதுவும் வீட்டுத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மரம் போகும்போது தூணையும் இழுத்துக்கொண்டு போகும்.

சரி, அந்த இரண்டு மரம். மரத்தின் உயரத்தைவிட வீடு கிட்டே இருக்கிறதா, சாய்வு வீட்டைப் பார்த்து இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் உங்கள் மகன் சொல்வதுதான் சரி, ஐயா. இந்த மரங்களை வருடம் முழுக்க வைத்திருந்து கிடைக்கும் காய், கூரைக்கு அடியில் தூங்குகிற ஒருவருக்கு ஈடாகாது. ஆனால் புயல் அறிவித்த பிறகு வெட்டாதீர்கள். அவசரத்தில் வெட்டினால் மரம் வீட்டு மேல்தான் சாயும், வெட்டிய துண்டுகளும் அப்புறப்படுத்தாமல் கிடக்கும். நல்ல வெயில் இருக்கும்போதே, உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். இந்தப் பருவத்துக்குள் முடியவில்லை என்றால், காய் முழுவதையும் இறக்கிவிட்டு, புயல் இரவில் அந்தப் பக்கத்து அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். வெட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மூன்றடி ஆழக் குழி எடுத்து இரண்டு கன்று வையுங்கள். வரப்பு ஓரம் பனை விதை போடுங்கள். கஜாவுக்கு மறுநாள் எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தபோது நின்றவை பெரும்பாலும் பனைகள்தான்.

கேள்வி: காற்று நடுவில் அப்படியே நின்றுவிடும் என்கிறார்களே, அப்போது வெளியே வந்து உடைந்ததைச் சரி செய்யலாமா?
வாசகர், வேளாங்கண்ணி

வராதீர்கள். அது புயலின் கண் உங்கள் ஊரைக் கடக்கிற நேரம். மழை விடும், சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். கிழக்கிலிருந்து வரும் புயலில் மையம் கடப்பதற்கு முன் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், கடந்த பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். முதல் காற்று தெற்கே சாய்க்க முயன்று பாதி இளகிய மரமும் சுவரும் இந்த இரண்டாவது அடியில்தான் விழுகின்றன. வானொலியிலோ கைப்பேசியிலோ புயல் கடந்து வலுவிழந்தது என்று சொல்லும்வரை உள்ளேயே இருங்கள். தயார் செய்யும்போதும் இது ஞாபகத்தில் இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தால் போதாது.

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் அப்பா அம்மா மட்டும், இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். புயல் என்றால் முகாமுக்குப் போக மறுக்கிறார்கள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அப்பா பிடிவாதம். தொலைவில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?
வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் தலைஞாயிறு பக்கம்)

தம்பி, நிறைய செய்யலாம். ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டும். புயல் அன்று நீங்கள் கூப்பிடும்போது செல்போன் கோபுரம் சாய்ந்து போன் போயிருக்கும்.

உங்கள் அப்பா ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் வீட்டின் மேல் உள்ள பாசம் மட்டும் காரணமாக இருக்காது. மாட்டை யார் பார்ப்பது, பத்தாயத்து நெல் என்ன ஆகும், பத்திரம் நனைந்துவிடுமே, முகாமில் ராத்திரி எழுந்து கழிப்பறைக்கு எங்கே போவது, இப்படி ஒவ்வொன்றாக இருக்கும். ‘போங்கப்பா’ என்று பத்து முறை சொல்வதைவிட இந்தக் கவலைகளில் நாலைத் தீர்த்து வைத்தால் அவரே கிளம்புவார். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், உண்மைக் காரணம் அவரிடம்தான் இருக்கும்.

முகாம்தான் போக வேண்டும் என்றில்லை. தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ மரம் சூழாத மாடி வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே பேசி, ‘எச்சரிக்கை வந்தால் அப்பா அம்மா உங்கள் வீட்டுக்கு வருவார்கள்’ என்று முறையாகக் கேட்டு வையுங்கள். தெரிந்தவர் வீட்டுக்குப் போவதில் பெரியவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. கூட்டிப் போகிற ஆள் யார், எந்த வண்டி என்பதும் பேசி முடித்திருக்க வேண்டும். காற்று தொடங்குவதற்கு முன், பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிட வேண்டும்.

பட்டா, பத்திரம், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு தூக்குவாளியில் போட்டு, புறப்படும்போது கையோடு எடுத்துப் போகட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு இருக்க வேண்டும். அம்மா இன்சுலின் போடுகிறவர் என்றால் குளிர்பெட்டி ஓடாது என்று வைத்துக்கொண்டு, எப்படி வைப்பது என மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வருபவருக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துத்தான் தொட்டிகளை நிரப்பினோம். ஆகவே மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியைக் கரண்ட் இருக்கும்போதே கழுத்து வரை நிரப்பச் சொல்லுங்கள். நிரம்பிய தொட்டி பறக்காது. கொல்லையில் அடிகுழாய் இருந்தால் வாஷரை மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாதிரி நாட்களில் தெருவுக்கே அதுதான் தண்ணீர். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி தாழ இருந்தால் மெயினை அணைத்து, மின்பணியாளரை வைத்துக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடி, மெயின் சுவிட்சை இறக்க மறக்கக் கூடாது.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அப்பாவின் போனில் மட்டும் இருந்தால் போதாது, சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கறவை மாட்டைக் கொட்டகையில் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா?
வாசகி, முத்துப்பேட்டை

அவிழ்த்து விடுங்கள். கட்டிப் போட்ட மாடு, கொட்டகை விழுந்தாலும் தண்ணீர் ஏறினாலும் ஒன்றும் செய்ய முடியாமல் சாகும். கஜாவில் ஆடு மாடு அவ்வளவு செத்ததற்குப் பாதிக் காரணம் கயிறும் ஷீட் கூரையும்தான் என்பது என் எண்ணம். முந்தின நாளே மேடான, மரமும் மின்கம்பியும் இல்லாத இடத்துக்கு ஓட்டிப் போய், மூக்கணாங்கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டு விடுங்கள். காதில் உள்ள தோடு எண்ணோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆட்டுக்கு மழை ஆகாது, அதை வீட்டுத் திண்ணை உள்ளேயே வையுங்கள். வைக்கோலில் ஒரு வாரத்துக்கானதை வீட்டுக்குள் ஏற்றிவிடுங்கள், நனைந்த போர் பூஞ்சை பிடித்து மாட்டுக்கு ஆகாது.

கேள்வி: கொல்லையில் முருங்கை, பப்பாளி, பூவன் வாழை, புடலைப் பந்தல், ஒரு மா. எதைக் காப்பாற்ற முடியும்?
வாசகி, கறம்பக்குடி

முருங்கைக்கு இரக்கம் பார்க்காதீர்கள். ஒடியத்தான் போகிறது. காயும் கீரையும் பறித்துக்கொண்டு இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் காற்று போனதும் தழைத்துவிடும். வாழையில் முக்கால் பதம் வந்த தாரை வெட்டிவிடுங்கள். பிஞ்சுத் தாருக்கு இரண்டு சவுக்குக் கழியைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்துத் தாரின் கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். அடி இலைகளைக் கழித்துவிடுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். பப்பாளியில் பழுக்கப் பதமானதைப் பறித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம். புடலையில் காயைப் பறித்துவிட்டுப் பந்தல் கயிற்றைத் தளர்த்திக் கொடியோடு தரையில் இறக்கிவிடுங்கள்.

மாவுக்குத்தான் நேரம் வேண்டும். உள்ளே நெருங்கி உரசும் கிளைகளைக் கழித்து, காற்று மரத்துக்கு ஊடாகப் போக வழி விட வேண்டும். அதைப் புரட்டாசியிலேயே செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவிவிட வேண்டும். இப்போது காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள். வெட்டிய எதையும் கொல்லையில் விட்டு வைக்காதீர்கள். கிளை, தகரம், பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, அம்மிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த மண்வெட்டி, எல்லாமே புயலில் பறந்து வந்து அடிக்கிற பொருள்தான்.

கேள்வி: நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்?
வாசகர், கந்தர்வகோட்டை

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்க அலைய வேண்டியிருக்கும், அதனால் அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு தனியாக இருக்கிறது, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். கஜாவுக்குப் பிறகு அரசு ஒரு தென்னைக்கு அறிவித்தது 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. அந்தத் தொகைக்கே மரக் கணக்கு வேண்டும். நிற்கிற மரங்களை நான்கு மூலையிலிருந்தும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். விழுந்த பிறகு கணக்கெடுப்பவர் வரும்வரை அடிமரத்தை அப்படியே விடுங்கள். கணக்கு முடிந்ததும் அறுத்து அகற்றிவிடுங்கள், மக்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது நிற்கிற மரங்களின் குருத்துக்கு வந்து சேரும்.